வழுக்கிய விரலும் வாய்தா கேட்ட காகிதமும்

பித்தாகரஸ் ஒரு நாள் கொல்லன் பட்டறை வழியாகப் போனாராம். உள்ளே சம்மட்டிகள் மாறி மாறி விழும் சத்தம் சுருதி சுத்தமாகக் கேட்டதாம். ஓடிப்போய் சம்மட்டிகளை நிறுத்துப் பார்த்தாராம். எடைகள் 12, 9, 8, 6 என்ற கணக்கில் இருந்தனவாம். வீட்டுக்கு வந்து அதே எடைகளைத் தந்திகளில் கட்டித் தொங்கவிட்டாராம், அதே சுரங்கள் வந்தனவாம். இத்தனை ‘ஆம்’ போடாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது, ஏனென்றால் இது நடந்திருக்கவே முடியாது. சம்மட்டி பாதி எடை என்பதற்காக சுரம் ஒரு ஸ்தாயி ஏறிவிடாது. தந்தியில் தொங்கும் எடையை இரண்டு மடங்காக்கினாலும் மேல் ஸ்தாயி ‘ச’ வராது. நாலு மடங்கு வேண்டும். 1580களில் இதைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்துச் சொன்னவர் வின்சென்ஸோ கலிலேயி என்ற லூட் (ஒரு தந்தி வாத்தியம்) வித்வான். அதற்கு முன்னால் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கும் மேலாக, இசைப் புத்தகம் எழுதிய பெரியவர்களில் அநேகம் பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் காப்பியடித்தார்களே தவிர, இரண்டு எடைக்கல்லும் ஒரு தந்தியும் வாங்க யாருக்கும் சில்லறை இருந்ததாகத் தெரியவில்லை. வின்சென்ஸோவின் மூத்த பிள்ளை கலிலியோவுக்கும் இந்தச் சோதித்துப் பார்க்கும் வியாதி ஒட்டிக்கொண்டது, அவர் அதனால் பட்ட பாடு ஊரறிந்தது.

இந்தப் பழைய புளுகை இழுக்கக் காரணம் உண்டு. தந்தி சம்பந்தப்பட்ட சமாசாரங்களில் முதலில் வருவது வதந்தி, இரண்டாவது வருவது உரிமைச் சண்டை, ரொம்ப நாள் கழித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்வது காகிதம். அதிலும் காகிதத்தை அதிகம் அலையவைத்த ஒரு சத்தம் இருக்கிறது. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ருஷ்யர் எல்லோரும் தங்கள் சொத்து என்று பட்டா காட்டிய சத்தம். அதன் பெயர் ஹார்மானிக் கிளிஸாண்டோ.

விஷயம் இவ்வளவுதான். வயலின் தந்தியை விரலால் பலகையோடு சேர்த்து அழுத்தினால் சாதாரண சுரம். அழுத்தாமல், தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற அளவுக்குத் தொட்டு வில் போட்டால், குழல் ஊதுவது போல ஒரு மெல்லிய சுரம் எழும்பும். அதுதான் ஹார்மானிக். எங்கே தொட்டாலும் வராது. தந்தி தன்னைச் சமபாகங்களாகப் பிரித்துக்கொண்டு அதிரும். அந்தப் பிரிவுகளின் எல்லையில், பள்ளிக்கூட இயற்பியல் புத்தகம் ‘கணு’ என்று சொல்லும் இடத்தில், தொட்டால்தான் வரும். வயலின் தந்தி சுமார் 33 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பக்கத்திலிருந்து பதினாறரை சென்டிமீட்டரில், அதாவது நட்டநடுவில், தொட்டால் தார ஸ்தாயி ‘ச’. மூன்றில் ஒரு பங்கில், 11 சென்டிமீட்டரில், அதற்கு மேல் உள்ள ‘ப’. நாலில் ஒன்றில், எட்டேகாலில், இன்னொரு ஸ்தாயி தாண்டிய ‘ச’. ஐந்தில் ஒன்றில் அந்தர காந்தாரம். ஆறில் ஒன்றில், ஐந்தரை சென்டிமீட்டரில், மறுபடி ‘ப’. ஏழில் ஒன்றில் கைசிகி நிஷாதம், அதுவும் கொஞ்சம் இறங்கின, பியானோக்காரர் கேட்டால் முகம் சுளிக்கிற நிஷாதம்.

இந்த எண்களை இன்னொரு தரம் பாருங்கள். விரல் தலைப்பக்கத்திலிருந்து நடுவை நோக்கி வருகிறது. வழக்கமான வயலின் ஞாயப்படி விரல் அந்தத் திசையில் வந்தால் சுரம் ஏற வேண்டும். இங்கே இறங்குகிறது: நி, ப, க, ச, ப. சரி, இறங்குவதாவது ஒழுங்காக இறங்குகிறதா என்றால் அதுவும் இல்லை. மூன்றில் ஒன்றைத் தாண்டியதும் ஐந்தில் இரண்டு என்று ஒரு கணு குறுக்கே நிற்கிறது. அங்கே வந்ததும் சத்தம் திடீரென்று எகிறி மேலே போய் ‘க’ என்று ஒரு கூவு கூவிவிட்டு, நடுவில் வந்து ‘ச’வில் சாதுவாக விழுகிறது. வில் நல்ல மனநிலையில் இருந்தால் ஏழில் இரண்டு, எட்டில் மூன்று என்று இன்னும் சில சில்லறைக் கணுக்களும் தங்கள் பங்குக்குக் கீச்சிடும். நடுவைத் தாண்டிப் பிரிட்ஜ் பக்கம் போனால் இதே கூத்து தலைகீழாக. இப்படி விரலை நிறுத்தாமல் வழித்துக்கொண்டே போவதுதான் கிளிஸாண்டோ. மூன்று வயசுப் பிள்ளை கையில் செல்லோவைக் கொடுத்தால் முதல் பத்து நிமிஷத்தில் தானாகவே கண்டுபிடித்துவிடும். பெரியவர்களுக்கு முன்னூறு வருஷம் ஆயிற்று.

முதலில் காது கொடுத்தவர் மாரன் மெர்சன் என்ற பாதிரியார். பாரிஸில் மினிம் சபையைச் சேர்ந்தவர். இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது என்பது சபை விதி. சாப்பாட்டில் ருசி இல்லாததாலோ என்னவோ காது கூர்மையாக இருந்தது. ஒரே தந்தியைத் தட்டினால் அதன் சுரத்தோடு கூடவே மேலே வேறு சில சுரங்களும் மெலிதாகக் கேட்கின்றன என்று கவனித்து, 1636-ல் வெளிவந்த தன் பெரிய புத்தகத்தில் எழுதினார். ஒரு பொருள் ஒரே நேரத்தில் பல வேகத்தில் எப்படி ஆடும்? ஐரோப்பாவில் கடிதம் படிக்கத் தெரிந்த அத்தனை அறிவாளிகளுக்கும் கடிதம் போடும் பழக்கம் உள்ளவர் அவர். கேள்வி தத்துவஞானி டெகார்ட் வரைக்கும் போயிற்று. பதில் சொன்னவர்கள் சொன்னதெல்லாம் மெர்சனுக்குத் திருப்தி தரவில்லை. எனக்கும் தந்திருக்காது.

அறிவாளிகள் இப்படித் தபால் செலவு செய்துகொண்டிருக்க, ஊர்ப்புறத்து வித்வான்கள் இந்த ஹார்மானிக்கை மட்டுமே நம்பி ஒரு வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள். டிரம்பா மரீனா என்று பெயர். இரண்டு மீட்டர் உயரமான மரக்கூடு. தந்தி பெரும்பாலும் ஒன்றே ஒன்று. கட்டைவிரலால் கணுக்களைத் தொட்டுக்கொண்டே வர வேண்டும், அழுத்துகிற வேலையே இல்லை. பிரிட்ஜின் ஒரு கால் பலகையில் சரியாக ஊன்றாமல் படபடவென்று அடித்துக்கொள்ளும்படி வேண்டுமென்றே செய்திருப்பார்கள். அதனால் சத்தம் அச்சு அசல் எக்காளம் மாதிரி. ஜெர்மன்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ‘கன்னியாஸ்திரீ பிடில்’. மோலியேர் 1670-ல் போட்ட நாடகத்தில் புதுப்பணக்காரர் ஷூர்தான் வீட்டுக் கச்சேரிக்கு நாசூக்கான வாத்தியங்களை வாத்தியார் அடுக்கும்போது, டிரம்பா மரீனாவும் வேண்டும், அதுதான் தனக்குப் பிடிக்கும் என்று அடம் பிடிப்பார். சபை சிரிக்கும். அந்த வாத்தியத்துக்கு அப்போதே அவ்வளவுதான் மரியாதை.

ஆனால் லண்டனில் சாமுவேல் பீப்ஸ் சிரிக்கவில்லை. கடற்படை அலுவலகத்தில் பெரிய உத்தியோகம், எதிலும் மூக்கை நுழைக்கும் சுபாவம், ராத்திரி எல்லாவற்றையும் டைரியில் எழுதும் பழக்கம். 1667 அக்டோபரில் பிரின் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த வாத்தியத்தை வாசிக்கக் கேட்டு அசந்து போனார். நிறுத்தின பிறகும் பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது எப்படி என்று குழம்பி, விளக்கம் கேட்டுப் பெற்றார். வாத்தியத்தின் அடிப்பக்கம் திறந்திருக்கிறது என்பதையும் கண்டுபிடித்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்க்க மட்டும் பிரின் விடவில்லை. தொழில் ரகசியம். இப்படித்தான் ஹார்மானிக் வரலாற்றில் முதல் தடவையாக ஓர் அரசு அதிகாரி ஆய்வுக்கு வந்து வெறுங்கையோடு திரும்பினார்.

1677-ல் ஆக்ஸ்போர்டு கணிதப் பேராசிரியர் ஜான் வாலிஸ் ஒரு புதிய கண்டுபிடிப்பு என்று அறிவித்தார். தந்தியில் சின்னக் காகிதத் துணுக்குகளை மாட்டிவிட்டு, பக்கத்தில் அதற்கு இசைவான சுரத்தில் இன்னொரு தந்தியை மீட்டினால், கணு இருக்கும் இடத்துக் காகிதம் மட்டும் ஆடாமல் உட்கார்ந்திருக்கும், மற்றதெல்லாம் துள்ளும். கண்டுபிடித்தது யார் என்று கேட்டால் வாலிஸ் இல்லை. மெர்ட்டன் கல்லூரி வில்லியம் நோபிள். அவர் மட்டுமா? வாதம் கல்லூரி தாமஸ் பிகட்டும் தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார். பேராசிரியர் பெருந்தன்மையாக இருவர் பெயரையும் போட்டார்.

கால் நூற்றாண்டு கழித்து பாரிஸில் ஜோசஃப் சோவெர் இதே காகிதத் துணுக்கு வித்தையை அறிவியல் அகாடமியில் செய்து காட்டினார். ஏழு வயசு வரை பேச்சு வராதவர், சங்கீதக் காது சுத்தமாகக் கிடையாது, சுருதி பார்க்கக்கூடப் பக்கத்தில் வித்வானை உட்கார வைத்துக்கொள்பவர். ஆனாலும் கணு, சீரிசை (அதாவது நம் ஹார்மானிக்), ஒலியியல் என்று இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கும் கலைச்சொற்களுக்கெல்லாம் பிரெஞ்சு மூலத்தைப் பரப்பியவர் அவர்தான். செய்து காட்டி முடித்ததும் சபையில் ஒருவர், ‘இதை வாலிஸ் புத்தகத்தில் படித்த ஞாபகம்’ என்கிற பாணியில் எழுந்தார். சோவெர் மறுக்கவில்லை, முன்னுரிமையை ஆங்கிலேயருக்கே விட்டுக்கொடுத்தார். இந்தக் கட்டுரையில் இவ்வளவு பண்போடு நடந்துகொண்ட கடைசி ஆள் இவர்தான் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இதுவரை காகிதம் தந்தியின் மேல் உட்கார்ந்திருந்தது. தந்தி காகிதத்தின் மேல் ஏறியது 1738 வாக்கில். நார்பான் ஊர்க்காரரான மொண்டோன்வீல் வயலினுக்கு ஆறு சொனாட்டா எழுதி, அதற்கு ‘ஹார்மானிக் ஒலிகள்’ என்றே தலைப்பு வைத்து அச்சடித்தார். எங்கே தொட வேண்டும், என்ன கேட்கும் என்று முன்னுரையில் பாடமே நடத்தினார். வழக்கு அங்கேதான் ஆரம்பம். இசைக்குறி என்றால் காதில் கேட்பதை எழுதுவதா, விரல் போகிற இடத்தை எழுதுவதா? சாதாரண சுரத்துக்கு இரண்டும் ஒன்றே, எனவே அதுவரை யாரும் கேட்கவில்லை. ஹார்மானிக்கில் விரல் ஓரிடம், சத்தம் ஓரிடம். நாலில் ஒரு பங்கில் தொட்டால், விரல் நிற்பது மத்யமத்தின் இடம். கேட்பது இரண்டு ஸ்தாயி மேலே ‘ச’. வாசிப்பவருக்கு மத்யமம் வேண்டும், பாட்டு எழுதியவருக்கு ‘ச’ வேண்டும், அச்சடிப்பவருக்குச் சீக்கிரம் வேண்டும்.

லியோபோல்ட் மொஸார்ட் 1756-ல் வெளியிட்ட வயலின் பாடநூலில் இந்த வழக்கைத் தள்ளுபடி செய்யப் பார்த்தார். சாதாரண சுரத்துக்கு நடுவே ஹார்மானிக்கைச் சொருகுவது அசிங்கம், அவ்வளவு ஆசையாக இருந்தால் கச்சேரி முழுக்க அதையே வாசித்துத் தொலையட்டும் என்கிற தொனி. அதே வருஷம் அவர் வீட்டில் ஒரு பையன் பிறந்தான். தகப்பனார் சொன்ன ஒழுங்கையெல்லாம் அவன் எவ்வளவு மதித்தான் என்பது வேறு கச்சேரி.

பிறகு இத்தாலிய வயலின் வித்வான் பகனினி. ஒரு விரலால் அழுத்தி, இன்னொன்றால் தொட்டு, எந்தச் சுரத்தையும் ஹார்மானிக் ஆக்கினார். அதையும் இரண்டு தந்தியில் ஒரே நேரத்தில் செய்தார். சாத்தானோடு ஒப்பந்தம் என்று ஊர் பேசிற்று. அவர் மறுக்க அவசரப்படவில்லை, டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தது. தன் இசையை முடிந்தவரை அச்சுக்கே கொடுக்காமல் வைத்திருந்தார். ஃபிராங்க்பர்ட்டில் இசைக்குழு நடத்திவந்த கார்ல் குர் பக்கத்திலிருந்து கவனித்து, 1829-ல் அத்தனை ரகசியத்தையும் விளக்கி ஒரு புத்தகம் போட்டார். அதோடு ஐரோப்பா பூராவும் இளைஞர்கள் தந்தியைத் தடவ ஆரம்பித்தார்கள். சாத்தானுக்கு வேலை போயிற்று. பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1839-ல் மாப் ராணி என்ற தேவதையைப் பற்றிய பகுதியில் வயலின்களுக்கு ஹார்மானிக் எழுதினார், நன்றாகவே இருக்கும். அவர்கூட விரலைக் கணுவில் நிறுத்தித்தான் வைத்தார். வழிக்கவில்லை.

வழித்த இடம் ருஷ்யா. நிகலாய் ரிம்ஸ்கி-கோர்ஸகோவ் கடற்படை அதிகாரியாக இருந்தவர். 1871-ல் இசைக் கல்லூரிப் பேராசிரியர் பதவி தேடி வந்தபோது தனக்கு ஹார்மனி பாடமே சரியாகத் தெரியாது என்பதை வெளியே காட்டிக்கொள்ளாமல், மாணவர்களுக்கு ஒரு பாடம் முன்னால் தான் படித்துச் சமாளித்ததாகத் தானே எழுதிவைத்திருக்கிறார். இப்படிச் சேர்ந்தவர் கடைசியில் வாத்தியக் குழுவுக்கு எழுதுவதில் உலகத்துக்கே வாத்தியார் ஆனார். அவருடைய பாடநூலில் உதாரணங்கள் எல்லாமே அவர் எழுதிய இசையிலிருந்துதான். வேறு யாரையும் நம்பவில்லை.

கோகோல் கதையை வைத்து அவர் எழுதிய ‘கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு’ ஓபராவில் ஒரு கொல்லன் சாத்தானின் முதுகில் ஏறி வானத்தில் பறந்து போவான். (கொல்லன் மறுபடி வந்துவிட்டான், கவனித்தீர்களா? இந்த முறை எடைக்கல் இல்லாமல்.) அந்த மாயமந்திர இசையில் ரிம்ஸ்கி செல்லோக்காரர்களை ஹார்மானிக் கணுக்களின் மேல் விரலை வழிக்கச் சொன்னார். 1895 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேற்றம். ஒத்திகைக்கு வந்த அரச குடும்பத்துப் பெரியவர்கள், மேடையில் மகாராணி பாத்திரம் வருவதா என்று கொதித்தார்கள். உடனே மகாராணி ஒரு பிரபுவாக மாற்றப்பட்டார்; பெண் குரல் ஆண் குரல் ஆயிற்று. ரிம்ஸ்கி கோபத்தில் தன் ஓபராவின் முதல் நாளுக்கே போகவில்லை. ராணியின் பாலினம் பற்றிய இந்த அமளியில் செல்லோக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று யார் கவனித்திருப்பார்கள்?

ஒருவர் கவனித்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ரிம்ஸ்கியின் சீடர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கி.

1909-ல் பாலே குழு நடத்திய தியாகிலேவ் பாரிஸுக்கு ஒரு ருஷ்ய பாலே வேண்டும் என்று ஆள் தேடினார். முதலில் லியாதவ் என்ற இசையமைப்பாளரிடம் கொடுத்தார். ரொம்ப நாள் கழித்து வேலை எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு, அருமையாகப் போகிறது, எழுதுவதற்குத் தாள் வாங்கிவிட்டேன் என்று லியாதவ் சொன்னதாக ஒரு வதந்தி. வதந்தியோ நிஜமோ, தாமதம் செய்யும் எழுத்தாளர்கள் எல்லோரும் அவர் படத்தை மாட்டிக் கும்பிடலாம். வேலை இருபத்தேழு வயசு ஸ்ட்ராவின்ஸ்கிக்கு வந்தது. ‘தீப்பறவை’. 1910 ஜூன் 25, பாரிஸ் ஓபரா. கதையில் கஷ்செய் என்று ஒரு சாகாத மந்திரவாதி, உயிரை ஒரு முட்டைக்குள் ஒளித்துவைத்திருப்பான். நம் பாட்டிகளின் மந்திரவாதி ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் வைத்தான், இவன் கிளி பொரிக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

இவன் தோட்டத்தின் இருட்டைக் காட்டத்தான் ஆரம்பத்திலேயே அந்தச் சத்தம். செல்லோவும் டபிள் பேஸும் அடியில் உறுமிக்கொண்டிருக்க, திடீரென்று தந்திகள் எல்லாம் கணுக்களின் மேல் வழுக்கி மேலும் கீழும் மினுமினுக்கும். வயலின்காரர்கள் மெலிந்த ‘ஈ’ தந்தியை ‘டி’ சுருதிக்கு இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஸ்கோரில் உத்தரவு வேறு. இவர் எழுதிய எண்ணிக்கையில் முதல் வயலின் மட்டும் பதினாறு. பதினாறு பேர் அந்த ஓர் அழகுக்காகத் தந்தியை இறக்கி, அப்புறம் காதும் காதும் வைத்தமாதிரி மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். வயலின்காரர்களுக்குச் சம்பளம் போதாது என்று நான் பல காலமாகச் சொல்லிவருகிறேன்.

வயதான காலத்தில் தன் உதவியாளர் ராபர்ட் கிராஃப்டோடு சேர்ந்து வெளியிட்ட நினைவுகளில் ஸ்ட்ராவின்ஸ்கி இந்த இடத்தைப் பற்றிப் பூரித்துப்போகிறார். அடியில் பேஸ் ஒரு கொள்ளி வைக்க, ஹார்மானிக் சங்குசக்கரமாகச் சுற்றுகிறது என்பது அவர் கொடுக்கும் படம். தானே கண்டுபிடித்தது என்கிறார். கண்டுபிடித்த ஆனந்தத்தில் யாரிடம் ஓடிப்போய் வாசித்துக் காட்டினாராம் தெரியுமா? ரிம்ஸ்கியின் பிள்ளைகளிடம். ஒருவர் வயலின், ஒருவர் செல்லோ. அப்பாவின் ஓபராவோடு ஒரே வீட்டில் வளர்ந்த பையன்கள்! அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று எங்கும் இல்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள், ‘பேஷ்’ என்று சொல்லியிருப்பார்கள். அதில் செல்லோ வாசித்த ஆந்த்ரேய்க்கே ‘தீப்பறவை’ சமர்ப்பணம். இரண்டு வருஷம் கழித்து பெர்லினில் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் கேட்டுத் திகைத்துப்போனார் என்றும் ஸ்ட்ராவின்ஸ்கி சேர்த்துக்கொள்கிறார். இதை அவர் சொல்லும்போது ஸ்ட்ராஸ் போய்ச் சேர்ந்து பத்து வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டிருந்தது, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் பழைய ஓபரா ஸ்கோரைப் புரட்டி, வாத்தியார் எழுதிய பக்கத்தில் விரலை வைத்துக் காட்டிவிட்டார்கள்.

நான் ஸ்ட்ராவின்ஸ்கி கட்சிதான். வாத்தியாரிடமிருந்து எடுத்தது நிஜம். ஆனால் வாத்தியார் செல்லோ வரிசையில் ஒரு மூலையில் வைத்திருந்த மத்தாப்பைச் சீடர் மேடை பூராவும் கொளுத்தினார். பொய் சொன்னதற்கு ஒரு மார்க் குறைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு எல்லோரும் வழுக்கினார்கள். ஷோஸ்தகோவிச்சின் 1934 செல்லோ சொனாட்டாவில் இரண்டாம் பகுதியைக் கேளுங்கள்: பியானோ ஒரு மெட்டை வாசிக்க, செல்லோ மேலும் கீழும் ஹார்மானிக்கில் ஊஞ்சல் ஆடும். கேட்கச் சுலபம். எழுதினவர்களின் கஷ்டம்தான் கஷ்டம்.

ஏனென்றால் அந்தப் பழைய வழக்கு இப்போது ஆயிரம் மடங்கு முற்றிவிட்டது. ஒற்றை ஹார்மானிக்குக்கு ஒருமாதிரி சமரசம் வந்திருந்தது. கேட்கும் சுரத்தை எழுதி மேலே ஒரு சின்ன வட்டம் போடலாம். அல்லது விரல் தொடும் இடத்தில் வைர வடிவக் குறி போடலாம். (வைரம் ஐரோப்பாவின் பழைய ஏடுகளில் சாதாரண சுரக்குறியாக இருந்தது; ஓய்வு பெற்றுப் போனவரை ஒப்பந்த அடிப்படையில் மறுபடி அழைத்துவந்தார்கள்.) வழுக்குவதற்கு இந்த இரண்டும் போதவில்லை. வட்டக் கட்சிக்காரர் கேட்கும் சுரங்களை வரிசையாகப் பொடி எழுத்தில் எழுதுவார்: நி, ப, க, ச, ப, க, ச. வாசிப்பவர் பார்த்து, இதை ஒவ்வொன்றாக எங்கே தேடுவது, எந்தத் தந்தி என்று முழிப்பார். வைரக் கட்சிக்காரர் ஆரம்பத்தில் ஒரு வைரம், கடைசியில் ஒரு வைரம், நடுவில் ஒரு கோடு, தந்தியின் ரோமன் எண், அவ்வளவுதான் என்பார். வாசிப்பவருக்கு நிம்மதி. இசைக்குழு நடத்துநருக்குத் தலைவலி: தாளில் கோடு மேலே ஏறுகிறது, மேடையில் சத்தம் கீழே இறங்குகிறது, தப்பு யார் மேல் என்று தெரியாமல் இரண்டாம் வரிசையை முறைப்பார்.

இதில் ஒரு வேடிக்கையை முதல் தடவை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கும்போது சிரிப்பு வரும். தந்தியின் நடுவைத் தாண்டிப் பிரிட்ஜ் பக்கம் போய்விட்டால், பாதி, மூன்றில் இரண்டு, நாலில் மூன்று, ஐந்தில் நாலு என்ற பிரதானக் கணுக்களில் விரல் நிற்கும் சுரமும் கேட்கும் சுரமும் ஒன்றேதான். அங்கே விரல் ஏறினால் சத்தமும் ஏறும், வட்டமும் வைரமும் கைகுலுக்கிக்கொள்ளும். சண்டை முழுக்கத் தலைப்பக்கத்துப் பாதியில்தான். ஆகவே விவரமான இசையமைப்பாளர் பிரிட்ஜ் பக்கத்துப் பாதியில் எழுதித் தப்பிக்கலாம். விவரமானவர்கள் இசையமைக்க வருவதில்லை என்பதால் இரண்டு வரியாக, மேலே கேட்பது, கீழே விரல் என்று அச்சடிக்கும் வழக்கமும் இருக்கிறது. காகித வியாபாரிக்கு லாபம்.

எழுதியதெல்லாம் வாசித்தால் வருமா என்றால், அதுவும் வில்லைக் கேட்க வேண்டும். கணு இருக்கும் இடத்திலேயே வில் போட்டால் அந்த ஹார்மானிக் எழும்பாது. பிரிட்ஜுக்குப் பக்கத்தில், லேசாக, வேகமாக இழுக்க வேண்டும். மீட்டும் இடத்தில் கணு உள்ள சீரிசைகள் ஒலிக்கக் கூடாது என்பது யங்-ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் வயலின் வில்லின் சூட்சுமத்தை ஆராய்ந்தபின், 1921-ல் தம்புராவையும் வீணையையும் பரிசோதித்து, இவை இந்த விதியைக் கண்டுகொள்வதே இல்லை, ஒலிக்கக் கூடாதவையெல்லாம் ஜம்மென்று ஒலிக்கின்றன என்று எழுதினார். தட்டையான குதிரையும் (பிரிட்ஜுக்கு நம்மூர்ப் பெயர்), அதற்கும் தந்திக்கும் நடுவே சொருகும் தம்புராவின் ஜீவா நூலும் செய்கிற வேலை.

காகித வழக்கில் வேறு நாட்டுத் தீர்ப்பு ஒன்று ரொம்ப காலமாகவே இருந்தது, ஐரோப்பியர்தான் விசாரிக்கவில்லை. சீனத்து குச்சின் வாத்தியத்தில் பதின்மூன்று புள்ளிகளைச் சிப்பியால் பதித்திருப்பார்கள். பாதி, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று என்று அத்தனையும் கணுக்கள். குறிப்பில் சுரமே கிடையாது. எந்த விரல், எந்தத் தந்தி, எத்தனையாவது புள்ளி, முடிந்தது. அந்த வாத்தியத்துக்கு இன்றும் கிடைக்கும் மிகப் பழைய ஏடு ஏழாம் நூற்றாண்டுப் படி. காதுக்கு என்ன கேட்கும் என்பது வாசிப்பவர் பாடு.

ஐரோப்பா அந்த இடத்துக்கு வந்து சேர 1969 ஆயிற்று. ஹெல்முட் லாஹன்மான் தனிச் செல்லோவுக்கு எழுதிய ‘பிரஸியோன்’ தாளில் ஐந்து கோடு இருக்கும் இடத்தில் செல்லோவின் படமே இருக்கிறது: பிரிட்ஜ் இங்கே, தந்தி இங்கே, விரலை இங்கிருந்து அங்கே இழு. என்ன கேட்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. மொண்டோன்வீல் முன்னுரை எழுதி மெனக்கெட்டதற்கு இது பழிவாங்கல் மாதிரி இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து அமெரிக்காவில் ஜார்ஜ் கிரம், திமிங்கிலங்களின் பாட்டை ஒலிப்பதிவில் கேட்டுச் சொக்கிப்போய், புல்லாங்குழல், செல்லோ, பியானோ மூன்றுக்கும் மைக் வைத்து ‘திமிங்கிலத்தின் குரல்’ எழுதினார். அதில் செல்லோவுக்கு ஒரு சறுக்கல் இருக்கிறது. இது பகனினி வகை: கட்டைவிரல் அழுத்த, இன்னொரு விரல் தொட. சாதாரணமாகக் கை பிரிட்ஜை நோக்கிப் போகப் போக விரல் இடைவெளியைக் குறுக்கிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் கணு தப்பிவிடும் என்று வாத்தியார்கள் கையில் அடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். கிரம் சொன்னது: குறுக்காதே, அப்படியே விட்டு இழு. கணுக்கள் ஒவ்வொன்றாகத் தப்பும். தப்பும்போதெல்லாம் சத்தம் உடைந்து, எகிறி, மறுபடி சறுக்கி, கடற்கரையில் பறவைகள் கத்துகிற மாதிரியே இருக்கும். பெயரும் அப்படியே நிலைத்துவிட்டது, கடற்பறவை உத்தி. இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் காதா விரலா, வட்டமா வைரமா என்று அடித்துக்கொண்ட பிறகு, தப்பாக வாசிப்பதற்குச் சரியான குறிப்பு கிடைத்தது.

அந்த உருப்படியை வாசிக்கும்போது மூவரும் கண்ணை மறைக்கும் கறுப்பு முகமூடி அணிய வேண்டும், மேடையில் நீல வெளிச்சம் வேண்டும் என்றும் கிரம் எழுதியிருக்கிறார். மனித முகத்தை மறைத்து இயற்கையை முன்னால் நிறுத்துவதற்காக என்பது அவர் சொன்ன காரணம். செல்லோக்காரர்கள் அதற்கு ஆட்சேபணை தெரிவித்ததாகத் தகவல் இல்லை. எந்தக் கணு வேண்டுமென்றே தப்பியது, எது நிஜமாகவே தப்பியது என்று சபை முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதல்லவா.